ரேடியோ மாட்டியிருந்த இடம்

அந்த நாலு ஓட்டையா? அது விபத்துல வந்தது இல்ல தம்பி, பயப்படாதீங்க. வண்டிக்கு வண்டி பேசுத ரேடியோ மாட்டியிருந்த எடம். பாலைவனத்துக்குள்ள போற வண்டிக்கு அது இல்லாம முடியாது, போன் அங்க எடுக்காதுல்லா. நான்தான் கழட்டினேன். ஒரு மூடி வாங்கி அடைக்கணும்னு நாலு மாசமா நினைக்கேன், அடைக்கல. அத விடுங்க. டயரப் பாருங்க. ஏறி உக்காந்து ஏசியப் போட்டுப் பாருங்க, மே மாச வெயிலுக்கு ரெண்டு நிமிசத்துல குளுந்துரும்.

ஏன் விக்கியன்னு கேட்டிய. முன்னாடி வந்து பாத்த ரெண்டு பேருக்கும் பெட்ரோல் அதிகமாக் குடிக்கின்னு சொன்னேன். உங்ககிட்ட அப்படிச் சொல்ல வரல. பேச்சு எங்க ஊர்ப் பக்கமா இருக்கே, எந்த ஊரு? உடன்குடியா! பாத்தியளா. நான் நாசரேத். எம் பேரு ஜெபசிங். அந்தா, மூணாவது மாடில துணி காயுதுல்லா, அதான் வீடு. ஷார்ஜாவுக்கு வந்து பதினாறு வருசமாச்சு.

வண்டில பேய் பிசாசு எதுவும் கிடையாது, மொதல்ல அதச் சொல்லிருதேன். நாங்க வேதக்காரங்க, அதெல்லாம் நம்ப மாட்டோம். ஆனா காலைல சிக்னல்ல நிக்கும்போது, எஞ்சின் சத்தம் அடங்கி ஏசியும் ஒரு நொடி நிக்கும் பாருங்க, அப்ப இந்த ஓட்டைல இருந்து பிள்ள கூப்பிடுத மாதிரி இருக்கு. "அப்பா"ன்னு. நான் "சொல்லும்மா"ன்னு சத்தமாவே சொல்லிருதேன். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பாக்கான். பிள்ள நல்லாருக்கா தம்பி, அவளுக்கு ஒண்ணும் இல்ல. எட்டு வயசு, ஹெப்சின்னு பேரு. இப்ப டியூசனுக்குப் போயிருக்கா, ஆறு மணிக்கு வந்துருவா.

நடந்தது ஒண்ணு. அது எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும். எங்க வீட்டுல பிரிஸில்லாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே பிள்ளையக் கையில பிடிச்சிக்கிட்டு ஊருக்கு விமானம் ஏறிருவா. அவளத் தப்பு சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் ஏறிருவேன். உங்ககிட்ட சொல்லலாம், நீங்க வண்டிய எடுத்துட்டுப் போனா அப்புறம் நம்ம எங்க பாக்கப் போறோம்.

மூணு குடும்பம் நாங்க. நான், மேலப்பாளையம் மீரான், பொள்ளாச்சி தண்டபாணி. ஒரே கம்பெனில சேந்து வந்தவங்க. மீரானுக்கு ஜுனைதா, தண்டபாணிக்கு கவுசல்யா, எனக்கு பிரிஸில்லா. எவன் பிள்ள எவன் வீட்டுல சாப்பிடுது, எவன் வீட்டுல தூங்குதுன்னு கேக்கவே மாட்டோம். ராத்திரி பத்து மணிக்கு "உம் பிள்ள இங்க தூங்கிட்டா"ன்னு போன் வரும், "சரி, காலைல அனுப்பு"ன்னு வச்சிருவோம். அவ்ளதான். அதுல எங்களுக்கு ஒரு பெரும உண்டு. இந்த ஊருல எவனுக்கு இப்படிக் கூட்டு அமையும், சொல்லுங்க.

குளிரு மாசத்துல ஒரு சனிக்கிழமையும் வீட்டுல இருக்க மாட்டோம். விடிய முன்ன கிளம்பி மதாம்னு ஒரு ஊரு, அதத் தாண்டி மணலுக்குள்ள எறங்கிருவோம். டயர்ல காத்தப் பாதியா எறக்கணும், அப்பந்தான் மணல்ல பதியாம ஓடும். முன்னால என் வண்டி. நான்தான் வழி, நான்தான் தலைவன், ஓட்டுப் போட்டு ஒண்ணும் வைக்கல, என் வாய்க்குப் பயந்து விட்டுட்டாங்க. நடுவுல மீரான் வண்டி. கடைசில தண்டபாணி. கடைசி வண்டிக்கு ஒரு வேல உண்டு தம்பி, இத நல்லாக் கேட்டுக்கிடுங்க. எல்லாரும் கிளம்பின பெறவு அந்த எடத்த ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டுத்தான் அது நகரணும். அதுக்குத்தான் கடைசி வண்டின்னு ஒண்ணு. அந்த மனுசன் அன்னைக்கு அதச் செய்யல. அத நான் கடைசி வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

சரி. ஜனவரி ரெண்டாவது சனிக்கிழம. காலைல இருந்தே ஹெப்சி தண்டபாணி வண்டில, அவரு ரெண்டு பொம்பளப் பிள்ளைய கூட. கைல ஒரு ரேடியோ. சும்மா இருந்த ஒண்ண நான்தான் குடுத்து வச்சிருந்தேன். நான்தான் கத்தும் குடுத்தேன், ஊர்ல எந்த அப்பன் குடுப்பான்? "வழி தப்பினா நின்ன எடத்துலயே நில்லு. மரம் இருந்தா அதுக்கடில உக்காரு. பட்டன அமுக்கி அப்பாவக் கூப்பிடு. நான் வாரேன்." அத அவ மனப்பாடமாச் சொல்லுவா.

ரேடியோவ வச்சு அதுங்களுக்கு ஒரு விளையாட்டு. "அப்பா, நான் எங்க இருக்கேன், சொல்லுங்க பாப்போம்?" நான் கண்ணாடியில பாத்து, "மேட்டு மேல வெள்ள வண்டில"ன்னு சொல்லணும். உடனே, "அப்பா, நீங்க எங்க இருக்கீங்க?" சிரிப்பு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு தடவ, ரெண்டு தடவ. பத்து தடவ வந்தா வண்டி ஓட்டுதவனுக்கு எரிச்சல் வராதா? முன்னால பள்ளமா மேடான்னு தெரியாது. பின்னால வாரவனுக்கு "வலது பக்கம் வராத, புதையும்"னு நான் சொல்லணும். அந்த நேரத்துல லைன் காலியா இருக்கணும். ரேடியோவுல ஒரு ஒழுங்கு வேணும் தம்பி. அத இன்னைக்கும் சொல்லுவேன்.

மத்தியானம் ஒரு பெரிய காஃப் மரத்தடில எறங்கினோம். நம்மூர் வன்னிதான் அது, இங்க அதுக்கு இந்தப் பேரு. ஜுனைதா பிரியாணி கொண்டாந்திருந்தா. சாப்பிட்டோம், ஆம்பளைங்க கொஞ்சம் சாஞ்சோம், பிள்ளைங்க மணல்ல சறுக்குச்சு. ரெண்டரைக்குக் கிளம்பச் சொன்னேன். பொம்பளைங்க சாமான ரொம்பக் கறாரா எண்ணினாங்க. தட்டு பன்னெண்டு, பெரிய சட்டி ஒண்ணு, பாய் மூணு, கரண்டி. கரண்டி ஒண்ணு கொறைஞ்சு போச்சுன்னு பத்து நிமிசம் மணலக் கிண்டி எடுத்தோம். எடுத்துட்டோம்! அப்புறம் நான் ரேடியோவுல கேட்டேன், எப்பவும் கேக்க மாதிரி. "ரெண்டு?" "ரெண்டு ஓகே." "மூணு?" "மூணு ஓகேங்க." கிளம்பிட்டோம்.

வண்டியத்தான் எண்ணினோம் தம்பி. ஆள எண்ணல. மணலுக்குப் போன பதினோரு வருசத்துல ஒரு நாளும் ஆள எண்ணினது இல்ல. எவன் பிள்ளைய எவன் எண்ண?

சாப்பாட்டுக்குப் பெறவு ஆளு மாறி உக்காந்தோம். மீரான் எங்கூட முன்னால வந்தான். ஜுனைதா நல்லா ஓட்டுவா, அவ நடு வண்டிய எடுத்தா, பக்கத்துல பிரிஸில்லா. ஹெப்சி ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுக்குப் போயிருக்கா. எட்டு வயசாச்சுல்லா, வெக்கம், கொஞ்சம் தள்ளியே போயிருக்கா. வந்து பாத்தா மூணு வண்டியும் இல்ல.

அந்தப் பிள்ள அழுதுக்கிட்டு ஓடியிருந்தான்னா செத்திருப்பா. ஓடல. மரத்தடில உக்காந்தா. பட்டன அமுக்கினா.

கூப்பிட்டா தம்பி. நான் கேட்டேன்.

இதத்தான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மேல பாக்காதீங்க, பிரிஸில்லா பால்கனிக்கு வந்து துணி எடுத்தாலும் எடுப்பா. கிளம்பி அஞ்சு நிமிசம் இருக்கும். "அப்பா, ஹெப்சி பேசுறேன்." நான் சொன்னேன், "பிள்ளையெல்லாம் ரேடியோவக் கீழ வைங்க." ஒரு சரிவுல எறங்கிக்கிட்டிருந்தேன், கை ரெண்டும் ஸ்டியரிங்ல. திரும்ப, "அப்பா, நீங்க எங்க இருக்கீங்க?" அதே கேள்வி! காலைல இருந்து பத்து தடவ கேட்ட அதே கேள்வி. குரல்ல வித்தியாசம் இருந்துச்சான்னா, இருந்துச்சு. இப்ப நினைச்சா இருந்துச்சு. அப்ப எனக்குக் கோவம். "ஹெப்சி, இனி ஒரு வார்த்த பேசுன, வீட்டுக்குப் போயி இருக்கு உனக்கு. வை அத." அப்படியே சொன்னேன்.

"சரிப்பா"ன்னா.

அதுக்கப்புறம் அவ பேசல.

மீரான் பக்கத்துல இருந்தான், ஆனா சாப்பிட்டா அவன் தூங்கிருவான். கண்ண மூடித்தான் இருந்தான். அவனுக்குத் தெரியாது.

நாலு மணிக்குத் தார் ரோட்டுக்கு வந்தோம். எறங்கி டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டிருக்கோம். தண்டபாணியோட சின்னவ என்கிட்ட வந்து, "அங்கிள், ஹெப்சி உங்க வண்டிலயா இருக்கா?"ன்னு கேட்டா. நான் தண்டபாணியப் பாத்தேன், அவரு ஜுனைதாவப் பாத்தாரு. பிரிஸில்லா ஒவ்வொரு வண்டியாக் கதவத் தெறந்து பாத்தா. மூணாவது கதவத் தெறந்துட்டு அப்படியே தரைல உக்காந்துட்டா. காத்தடிக்க மிஷினு மட்டும் ஓடிக்கிட்டே கெடந்துச்சு.

நான் தண்டபாணி சட்டையப் பிடிச்சேன். "கடைசி வண்டிக்காரனுக்கு என்னவே வேல? என்னத்தப் பாத்துட்டு வந்தீரு?" அந்த மனுசன் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. "தப்பாப் போச்சுங்க ஜெபசிங், தப்பாப் போச்சுங்க"ன்னு அதையே சொன்னாரு. மீரான்தான் வெலக்கி விட்டான்.

மணல்ல ஒரு சங்கதி இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எறங்கின சரிவுல திரும்ப ஏற முடியாது. காத்துக்கு மறைவா இருக்க பக்கம் பொலபொலன்னு இருக்கும். அதனால வந்த தடத்துல போக வழியில்ல, சுத்தித்தான் போகணும். தடமும் பாதி அழிஞ்சு போச்சு. சூரியன் எறங்குது. எந்த மேட்டப் பாத்தாலும் ஒண்ணு போல இருக்கு. பிரிஸில்லா என் வண்டில ஏற வந்தா. நான் ஏத்தல. "வண்டி லேசா இருந்தாத்தான் ஏறும், நீ மீரான்கூட வா"ன்னு சொல்லிட்டேன். அது நெசந்தான், லேசா இருந்தா ஏறும்.

ரேடியோவுல எல்லாரும் கூப்பிட்டாங்க. "ஹெப்சி, ஹெப்சிம்மா"ன்னு. பதில் இல்ல. நானும் கூப்பிட்டேன். பதில் இல்ல.

நான்தான் மொதல்ல போயிச் சேந்தேன். மத்த வண்டி வர நாலஞ்சு நிமிசம் ஆச்சு. மரத்துல முதுகச் சாச்சு உக்காந்திருந்தா. செருப்பக் கழட்டிப் பக்கத்துல சோடியா வச்சிருந்தா. மரத்துக்கும் மேட்டுக்கும் அவ காலடி, போயிப் போயி ஒரு வழி மாதிரி ஆயிருந்துச்சு. ரேடியோ மடியில. அதுல பச்ச லைட்டு எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு.

நான் பிள்ளையத் தூக்கல தம்பி. மொதல்ல ரேடியோவ எடுத்தேன். பின்னால மூடியத் தெறந்து பேட்டரியக் கழட்டிப் பையில போட்டேன். அப்புறந்தான் பிள்ளையத் தூக்கினேன். எல்லாத்தையும் அவ பாத்துக்கிட்டே இருந்தா. "அம்மா கூப்பிட்டது கேட்டுச்சா உனக்கு?"ன்னு கேட்டேன். கேட்டுச்சுன்னு தலைய ஆட்டினா. ஏன் பதில் சொல்லலன்னு நான் கேக்கல.

அந்தப் பாவத்த என்ன செஞ்சு கழுவ? கோயில்ல முழங்கால் போட்டா அந்தப் பச்ச லைட்டுதான் வருது.

அந்நேரம் ஆண்டவரு ஒரு வழி காட்டினாரு, அப்படித்தான் நினைச்சேன். பிரிஸில்லா ஓடி வந்து பிள்ளையக் கெட்டிப் பிடிச்சிக்கிட்டு, நான் வாயத் தெறக்க முன்ன அவளே சொல்லுதா, "பேட்டரி போயிருக்கும், இல்லங்க? அதான் பிள்ள பேச முடியல." நான், "ஆமா, பேட்டரி செத்துப்போச்சு"ன்னு சொல்லிட்டேன். தண்டபாணியும் உடனே, "ஆமாங்க, பேட்டரிதானுங்க"ன்னாரு. மீரானும் தலைய ஆட்டினான். ஒருத்தரும் ரேடியோவக் குடு பாப்போம்னு கேக்கல. எல்லாரும் அப்படி நம்புவாங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல. ஹெப்சியும் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, இட்லி குடுத்தா பிரிஸில்லா. பிள்ள சாப்பிட்டுத் தூங்கிட்டா.

ஆனா இப்ப என்ன செய்தான்னா, ஒரு தடவதான் கூப்பிடுவா. "அப்பா"ன்னு கதவுகிட்ட நின்னு சொல்லுவா. நான் போன் பாத்துக்கிட்டு, "ம்"னு சொல்லத் தாமசமாச்சுன்னா போயிருவா. பின்னாலயே ஓடி, "என்னம்மா, என்ன?"ன்னு கேட்டா, "ஒண்ணும் இல்லப்பா"ங்கா. அவ ஒரு நாள் அம்மாகிட்ட சொல்லிருவான்னு தெனம் பயந்துக்கிட்டுக் கெடக்கேன். சொல்லிட்டாக்கூடத் தேவலைன்னும் இருக்கு.

மூணு வீடும் அதோட முடிஞ்சது. தண்டபாணி அதுக்கப்புறம் போன் பண்ணவே இல்ல. அந்த அம்மா கவுசல்யாவக் கடையில பாத்தா எதுத்த வரிசைக்குப் போயிருது. அவங்க மேல தப்பு, மூஞ்சில முழிக்க முடியல, அது சரி. மீரான் ஏன் வரலன்னுதான் எனக்குத் தெரியல. நோம்புப் பெருநாளைக்குப் பிரியாணி வீட்டு வாசல்ல வச்சிட்டு, மணி அடிச்சிட்டுப் போயிட்டான். நான் அவனுக்கு என்ன செஞ்சேன்?

பிரிஸில்லாதான் வண்டிய வித்துருங்கன்னு சொன்னா. ரேடியோ எல்லாத்தையும் சேத்து எறிஞ்சிருங்கன்னா. எறிஞ்சிட்டேன்.

என்ன தம்பி? என்ன கேட்டிய?

ஆமா. எல்லா வண்டிலயும் ஒரே சேனல்தான். ஒருத்தர் பேசினா எல்லாருக்கும் கேக்கும், அதுக்குத்தான் அது...

இருங்க.

இல்ல. அவங்களுக்குக் கேட்டிருக்காது. தூரம்... இல்ல, தூரம் என்ன தூரம், எனக்கே கேட்டுச்சே. அவங்க எனக்குப் பின்னால வாரவங்க, என்னவிட அவங்கதான் பிள்ளைக்குக் கிட்ட.

தண்டபாணிக்குக் கேட்டிருக்கும். கேட்டுருக்கும்ல? பிள்ள அவரு வண்டில இல்லன்னு அவருக்குத் தெரியும். அம்மாகூட நடு வண்டில இருந்து பேசுதான்னு நினைச்சிருப்பாரு. நடு வண்டில உள்ளவங்க கடைசி வண்டில இருந்து பேசுதான்னு... நான் நினைச்ச மாதிரியே. அதான் அந்த மனுசன் சட்டையப் பிடிச்சும் எதுத்து ஒண்ணும் சொல்லல. நான் பிள்ளைய ஏசினத மூணு வண்டியும் கேட்டிருக்கு. மீரான் தூங்கலையோ என்னவோ.

நடு வண்டில ரேடியோ மைக்கு யாரு கைல இருந்துச்சு? ஜுனைதா ஓட்டினா. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. "ரெண்டு ஓகே"ன்னு சொன்னது ஜுனைதா இல்ல தம்பி. பிரிஸில்லா. அவ குரலு. நான்தான் கேட்டேன், அவதான் சொன்னா. மைக்கு அவ மடியில இருந்துச்சு.

"பேட்டரி போயிருக்கும், இல்லங்க?" அவதான் மொதல்ல சொன்னா. நான் சொல்லல. அவ சொன்னா.

பிள்ள "அப்பா"ன்னு கூப்பிட்டா. அப்பாவத்தான கூப்பிடுதா, அப்பா பேசிக்கிடுவாருன்னு பிரிஸில்லா இருந்திருப்பா. நான் ஏசினதக் கேட்டுட்டு, அவருக்குக் கோவம், நம்ம நடுவுல போக வேண்டாம்னு இருந்திருப்பா. எங்க வீட்டுல அப்படித்தான், நான் பிள்ளைய ஏசும்போது அவ வர மாட்டா. நாலு மாசமா நான் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடக்கேன். அவளும் அந்தப் பக்கம் திரும்பித்தான் படுக்கா. எம்மேல கோவம்னு நினைச்சேன். என்ன நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்பா அவ? நான் கண்டுபிடிச்சிருவேன்னு பயந்துக்கிட்டா?

போயி என்னன்னு கேப்பேன், நீங்களே சொல்லுங்க. "உனக்குக் கேட்டுச்சா"ன்னா கேப்பேன்? கேட்டுச்சுன்னு சொன்னா, விட்டுட்டு வந்ததுல அவளுக்கும் பாதி. கேக்கலன்னு சொன்னா, பொய் சொல்லுதான்னு எனக்குத் தெரியும். ரெண்டுல எதத் தாங்குவேன் நான்?

அந்தா, பால்கனிக்கு வந்துட்டா பாருங்க. துணி எடுக்கா. "ஆமா, பாத்துக்கிட்டிருக்காங்க! காபி வேண்டாம், நானே மேல வாரேன்!"

தம்பி, சாவிய வச்சுக்கிடுங்க. நீங்களே ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க. லைசென்ஸ் இருக்குல்லா? கார்னிச் கடக்கர ரோடு வரைக்கும் போங்க, அவசரம் இல்ல, பைய வாங்க. இப்ப மணி என்ன, அஞ்சேகாலா? ஆறு மணிக்குப் பிள்ள வந்துருவா. அதுக்கு முன்ன நான் பிரிஸில்லாகிட்ட கேட்டுரணும்.